கம்பளத்தில் பறக்கும் வௌவால்

சீனப் புத்தாண்டு நெருங்கும்போது செராஸ் வட்டாரத்தில் பல வீட்டுக் கதவுகளில் சிவப்புத் தாளில் எழுதிய 'ஃபூ' என்னும் எழுத்தைக் காணலாம். நற்பேறு என்பது அதன் பொருள். மாண்டரின் மொழியில் வௌவாலைக் குறிக்கும் சொல்லின் இறுதியிலும் அதே 'ஃபூ' ஒலி உண்டு. இதனை அறியாதவர், பழைய சீனக் கம்பளங்களில் வௌவால்கள் ஏன் பறக்கின்றன என்று குழம்பவே நேரும்.

சீனாவின் வடமேற்கில் உள்ள நிங்சியா, கான்சு ஆகிய வட்டாரங்கள் கம்பள நெசவுக்குப் பெயர்பெற்றவை. அங்குக் குளிர் கடுமையானது. ஆட்டு உரோமமும் ஏராளம். வடசீன வீடுகளில் அடியில் தீமூட்டிச் சூடேற்றும் செங்கல் மேடை உண்டு. அதனைக் 'காங்' என்பர். குடும்பத்தார் அதன்மேல் அமர்ந்து உண்பர். இரவில் அங்கேயே உறங்குவர். பல கம்பளங்கள் அம்மேடையில் விரிப்பதற்கென்றே நெய்யப்பட்டன.

பாரசீகக் கம்பளத்தில் கொடியும் பூவும் நெருக்கமாக நிறைந்திருக்கும். சீனக் கம்பளத்திலோ முடிச்சுகள் பொதுவாகக் குறைவு, வெற்றிடம் அதிகம். அதனால் அதனைத் தரக்குறைவு என்பது பொருந்தாது. பரந்த மஞ்சள் அல்லது நீலப் பின்னணியில் தனித்து நிற்கும் உருவத்தைக் கண் உடனே பற்றிக்கொள்கிறது. பியோனி மலர் செல்வத்தையும், கொக்கு நீண்ட ஆயுளையும் உணர்த்தும். மீனுக்கு 'யூ' என்று பெயர். தேவைக்குமேல் மிஞ்சும் வளத்தைக் குறிக்கும் சொல்லும் 'யூ'தான். புத்தாண்டில் உண்ணும் 'ஈ சாங்' உணவில் மீன் இடம்பெறுவதும் இதனால்தான்.

அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலம் காலப்போக்கில் மென்மையடைந்து மேலும் அழகு பெறும். கரும்பழுப்பின் கதை வேறு. அச்சாயத்தில் சேர்த்த இரும்பு உரோமத்தை மெல்ல அரித்துவிடும். ஆகவே, பழைய கம்பளத்தைத் தடவினால் பழுப்புப் பகுதிகள் பள்ளமாகவும் மற்றவை மேடாகவும் தட்டுப்படும். வெறும் தேய்மானம் என்று எண்ணி இதனை ஒதுக்கிவிடக்கூடாது. கம்பளத்தின் வயதைக் கணிக்க உதவும் அடையாளங்களுள் இதுவும் ஒன்றாகும். பிற்காலத்தில் உருவங்களைச் சுற்றிக் கத்தரியால் செதுக்கியும் இத்தகைய மேடுபள்ளத்தை உண்டாக்கினர்.

புத்த மடாலயத் தூண்களுக்கென நெய்த கம்பளங்கள் தனி வகை. தரையில் விரித்தால், டிராகனின் உடல் இரு ஓரங்களிலும் துண்டுபட்டுத் தெரியும். நெசவுப் பிழையோ என்று ஐயம் எழும். தூணைச் சுற்றிக் கட்டி ஓரங்களை ஒன்றுசேர்த்தால், அறுந்த உடல் பொருந்திவிடும். டிராகன் தூணை வளைத்தபடி மேலே ஏறும்.