எட்டாம் வகுப்பு புத்தகத்துல பாடம் இருக்கு... வகுப்புல ஏன் இல்லை? அரசுப் பள்ளிகளுக்குப் பாலியல் கல்வி அவசியம் ஏன்?

2025 ஏப்ரல். கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளி. தேர்வு நேரம். பூப்பெய்திச் சில நாள்களே ஆன எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர், வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து தேர்வு எழுதினார். அந்த வீடியோ வைரலானதும் தமிழ்நாடே கொந்தளித்தது. பள்ளி முதல்வர் சஸ்பெண்ட் செய்யப்பட்டார், விசாரணை நடந்தது. பிறகு வழக்கம்போல எல்லோரும் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பரபரப்பில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. தமிழ்நாடு அரசின் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'வளரிளம் பருவமடைதல்' என்று தனிப் பாடமே இருக்கிறது. ஹார்மோன், மாதவிடாய், சுகாதாரம் எல்லாம் அதில் வருகிறது. எதற்காக ஒரு மாணவி படிக்கட்டில் உட்கார வைக்கப்பட்டாரோ, அது எட்டாம் வகுப்புப் பாடம்!

பாடம் அச்சில் இருப்பது வேறு, வகுப்பில் வாய் திறந்து பேசப்படுவது வேறு. சிக்கல் இந்த இடைவெளியில்தான்.

'வீட்ல படிச்சுக்கோங்க'

தமிழ்நாட்டில் படித்த பலருக்கும் இந்த வாக்கியம் ஞாபகம் இருக்கும். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வரும். பூவின் மகரந்தச் சேர்க்கை வரை டீச்சர் விலாவாரியாக நடத்துவார். மனித உடல் வந்ததும் குரல் இறங்கும், பக்கங்கள் வேகமாகப் புரளும். 'இதை நீங்களே வீட்ல படிச்சுக்கோங்க'. பின் பெஞ்சில் சிரிப்பு. முன் பெஞ்சில் தலைகுனிவு.

வீட்டிலாவது சொல்வார்களா? மண்டபம் பிடித்து, ஃபிளெக்ஸ் அடித்து, ஊரைக் கூட்டி மஞ்சள் நீராட்டு விழா நடத்தும் ஊர் இது. தாய்மாமன் சீர் தட்டுகளை எண்ணிப் பார்க்க ஆள் இருக்கும். ஆனால், ஏன் ரத்தம் வருகிறது, எத்தனை நாள் வரும், எப்போது டாக்டரிடம் போக வேண்டும் என்று அந்தச் சிறுமிக்கு உட்கார்ந்து விளக்க அநேகமாக யாரும் இருப்பதில்லை.

பையன்களுக்கு அந்த விழாகூட இல்லை. குரல் உடைகிறது, தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. இது இயல்பு என்று சொல்ல ஆளில்லாமல், ஏதோ நோய் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தை நம்பித்தான் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் 'ஆண்மைக் குறைவா?' போஸ்டரும், நள்ளிரவு டிவி விளம்பரமும், லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கும் பிசினஸும் இத்தனை வருஷமாக ஓடிக்கொண்டிருக்கின்றன.

பாலியல் கல்வி என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும் பலர் நினைப்பது உடலுறவைப் பற்றிய வகுப்பு என்றுதான். யுனெஸ்கோ 2018-ல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலைப் பார்த்தால் கதையே வேறு. 5 வயதிலிருந்து 18 வயதுக்கு மேல் வரை நான்கு வயதுப் பிரிவுகள். அதில் எட்டு தலைப்புகள். உறவுகள், பாலின சமத்துவம், வன்முறையிலிருந்து தற்காத்துக்கொள்வது, மனித உடல், இனப்பெருக்க ஆரோக்கியம் எல்லாம் சேர்ந்ததுதான் முழுமையான பாலியல் கல்வி.

ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு உடல் உறுப்புகளின் சரியான பெயரும், 'வேணாம்' என்று சொல்லும் துணிச்சலும் போதும். ஐந்தாம் வகுப்பில் பருவமாற்றம். எட்டாம் வகுப்பில் சம்மதம், ஆன்லைன் மிரட்டல். பதினொன்றாம் வகுப்பில் கருத்தடை, பால்வினை நோய்கள், சட்டம். எந்த வயதுக்கு எது தேவையோ அது மட்டும்.

பேசாமல் இருப்பதற்கு என்ன விலை?

மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசி எடுக்கப்பட்ட ஆய்வு. அவர்களில் 53.22 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். துன்புறுத்தியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவே இல்லை.

ஏன் சொல்லவில்லை? உறுப்புக்குப் பெயர் தெரியாத குழந்தையால் நடந்ததை விவரிக்க முடியாது. 'அதெல்லாம் பேசக் கூடாது' என்று வளர்ந்த குழந்தை, தப்பு தன்மேல்தான் என்று நினைத்துக்கொள்ளும். 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' வகுப்பு ஒரு தொடக்கம்தான். கெட்டது செய்பவர் சாக்லேட் வாங்கித் தரும் மாமாவாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு வருஷத்தில் ஒரு மணி நேர வகுப்பு போதாது.

அடுத்தது சட்டம். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் இருப்பவரின் சம்மதம் சட்டத்தின் முன் சம்மதமே அல்ல. 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் காதலித்து வீட்டை விட்டுப் போனால், வழக்கு அந்தப் பையன்மேல் பாயும். இப்படி வந்த ஒரு வழக்கை 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பதின்பருவக் காதலர்களைக் குற்றவாளிகளாக்குவது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்றது. ஆனால், இப்படி ஒரு சட்டம் இருப்பதே எத்தனை பிளஸ் டூ மாணவர்களுக்குத் தெரியும்?

தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயானவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ இருக்க வேண்டிய வயது அது.

சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்களா?

இந்தப் பயம் புதிதல்ல. மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்துக்கு 2007-ல் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. மகாராஷ்டிரா, கர்நாடகா, மத்தியப் பிரதேசம் எனப் பல மாநிலங்கள் அதைத் தடுத்தன. 2009-ல் வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே கூடாது என்று அறிக்கை கொடுத்தது.

பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த யுனெஸ்கோ சொல்வது இதற்கு நேர்மாறு. பாலியல் கல்வியால் மாணவர்கள் சீக்கிரம் உடலுறவில் ஈடுபடுவதில்லை. பல இடங்களில் அது தள்ளித்தான் போகிறது. ஈடுபடுபவர்களும் பாதுகாப்பாக இருக்கிறார்கள்.

உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு அது. குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் வீடியோவைத் தனியாகப் பார்ப்பது குற்றமல்ல என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பிலேயே, பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு என்பது தவறான எண்ணம் என்று சொல்லி, ஜார்க்கண்ட் அரசுப் பள்ளிகளில் நடக்கும் 'உடான்' திட்டத்தை உதாரணம் காட்டியது. 2025 அக்டோபரில் இன்னொரு வழக்கில், ஒன்பதாம் வகுப்பு வரை காத்திருக்காமல் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும் என்றும் கூறியது.

ஏன் குறிப்பாக அரசுப் பள்ளி?

வசதியான வீட்டுக் குழந்தைக்கு வேறு வழிகள் உண்டு. ஸ்கூலிலேயே கவுன்சிலர் இருப்பார், தெரிந்த டாக்டர் இருப்பார், ஆங்கிலத்தில் நல்ல புத்தகங்கள் கிடைக்கும். பெற்றோர் இருவரும் கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்கு இருப்பது ஒரு போன் மட்டும்தான். அந்த போன் எந்த லிங்க்கைத் திறந்து காட்டுகிறதோ அதுதான் பாலியல் கல்வி. கேட்பதற்கு நம்பகமான ஒரு பெரியவர் அந்தப் பிள்ளைக்குத் தேவை. அவர் கிடைக்கக்கூடிய ஒரே இடம் பள்ளிக்கூடம்.

என்ன செய்யலாம்?

சட்டமே வழி சொல்லிவிட்டது. குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி வயதுக்கேற்ற பாடத்திட்டத்தை அரசுகள் தயாரிக்க வேண்டும் என்கின்றன 2020-ம் ஆண்டு போக்சோ விதிகள். அதே ஆண்டு தொடங்கிய மத்திய அரசின் பள்ளி நலத் திட்டம், ஒரு பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரச் சொல்கிறது. மிச்சம் இருப்பது செயல்தான்:

- கால அட்டவணையில் நிரந்தர பீரியட். பரீட்சை, மார்க் வேண்டாம்.
- ஆசிரியர்களுக்குக் கூச்சமில்லாமல் பேசப் பயிற்சி. அவர்களும் 'வீட்ல படிச்சுக்கோங்க' கேட்டு வளர்ந்தவர்கள்தானே!
- மாதவிடாய் பற்றிய வகுப்பில் பையன்களும் இருக்க வேண்டும். பெண்களை மட்டும் தனி அறைக்குக் கூப்பிட்டால் கேலிதான் மிஞ்சும்.
- பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் பாடத்தை முதலிலேயே காட்டிவிட வேண்டும். என்ன நடத்துகிறார்கள் என்று தெரிந்தால் பாதி எதிர்ப்பு அங்கேயே கரைந்துவிடும்.
- வகுப்பு முடிந்ததும் ஒரு குழந்தை வந்து 'எனக்கும் இப்படி நடந்துச்சு' என்று சொன்னால் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். போக்சோ சட்டப்படி புகாரை மறைப்பதே குற்றம்.

ஜூனில் பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்புக்குள் நுழையும் ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் அந்தப் பாடம் இருக்கும். அதை யாராவது சத்தமாக வாசித்து, கேள்வி கேட்கவிட்டு, பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

உதவிக்கு: குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறை உதவி மையம் 14417.