ரெட்டை எஞ்சின் படகு: இரண்டும் ஒருசேர நிற்காதிருக்க



"படகுல எதுக்கு ரெண்டு எஞ்சின்?" என்று கேட்டால், "ஒண்ணு நின்னா இன்னொண்ணு கரை சேர்க்கும்" என்று நாம் எல்லோரும் சொல்லிவிடுவோம். விடுமுறைப் பயிற்சிக்கு நான் போயிருந்த படகுப் பட்டறையில் மேஸ்திரி அண்ணன் அதற்கு மேலும் ஒரு கேள்வி வைத்திருந்தார்: "சரி தம்பி, ரெண்டும் சேர்ந்து நின்னா?" பின்பக்கம் இரண்டு அவுட்போர்டு எஞ்சின் மாட்டிய உல்லாசப் படகில் நான் கற்றதை இங்கே தருகிறேன்.

முதலில் குளிர்விப்பு. கார் போல இதில் ரேடியேட்டர் கிடையாது. வெளியே இருக்கும் தண்ணீரையே ஒரு பம்பு இழுத்து எஞ்சினுக்குள் அனுப்புகிறது. பம்புக்குள் சுழல்வது ரப்பர் இம்பெல்லர். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் அது சீக்கிரமே பாழாகிவிடும். ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினிலிருந்து பீய்ச்சும் சிறு நீர்த்தாரையைப் பாருங்கள். தாரை வரவில்லையென்றால் உடனே நிறுத்தணும். கடலில் ஓடி வந்த பிறகு நல்ல தண்ணீர் விட்டு உள்ளே அலச வேண்டும். இல்லாவிட்டால் உப்புப் படிந்து நீர்வழி அடைபடும்.

அடுத்து எண்ணெய். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் 100 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் மாற்றுவது பொதுவான வழக்கம். ஆனாலும் கையேடு சொல்வதே முடிவு. வடித்த கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். புரொப்பல்லரைக் கழற்றிப் பார்த்தால் ஷாஃப்டில் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டிருக்கும். சீலை அறுக்கும் ஆசாமி பெரும்பாலும் அவர்தான்!

எஞ்சினின் அலுமினிய உடலுக்காகத் தான் கரைந்து போகும் உலோகக் கட்டி ஆனோடு. பாதி கரைந்ததும் மாற்றுங்கள். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அது வேலையே செய்யாது.

இனி அண்ணனின் கேள்விக்கு வருவோம். ஒரே டாங்கியிலிருந்து இரண்டு எஞ்சினுக்கும் பெட்ரோல் போனால், அதில் கலந்த தண்ணீர் இரண்டையும் சேர்த்தே நிறுத்தும். அதனால்தான் முடிந்தவரை தனித்தனி டாங்கி, தனித்தனி பேட்டரி, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர்.

பொதுக் காரணம் பெட்ரோலில் மட்டுமல்ல, நம் கையிலும் இருக்கலாம். 1983 மே 5 அன்று மியாமியிலிருந்து நசாவுக்குப் போன ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானத்தில் மூன்று எஞ்சின்களிலும் ஒரே பராமரிப்பு வேலையின்போது ஓ-ரிங் போடாமல் விடப்பட்டிருந்தது. மூன்றிலும் ஆயில் ஒழுகியது. முதலில் நிறுத்திய எஞ்சினையே மறுபடி ஓட்டி மியாமியில் இறங்கினார்கள். அதிலிருந்த 172 பேரும் பிழைத்தார்கள். மூன்று எஞ்சினுக்கே இந்தக் கதி என்றால் இரண்டு எந்த மூலைக்கு?

ஆகவே ஒரு எஞ்சினில் வேலை முடித்து, தண்ணீரில் ஓட்டிப் பார்த்து, ஒழுகல் இல்லை என்று உறுதியான பிறகே மற்றதைத் தொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி லாக் புக் போடுங்கள். ஒரே திராட்டிலில் ஒன்றின் ஆர்.பி.எம். மட்டும் குறைந்தால் ஏதோ கோளாறு என்று தெரிந்துகொள்ளலாம். ஒன்று மற்றதற்கு அளவுகோல்; ஒற்றை எஞ்சின் படகுக்கு இந்த வசதி ஏது?

படகில் ஏறுகிறவர் எஞ்சினைத் திறந்து பார்ப்பதில்லை, நம்மை நம்பித்தான் ஏறுகிறார். நாளை ஸ்பேனர் பிடிக்கப்போகும் நாம் அதை மறக்காமல் இருப்போம்.