‘அழித்துவிட்டு மாற்றவா?’ என்று கம்பியூட்டர் கேட்டால்

ஐபேடை கம்பியூட்டரில் செருகி, படங்களைச் சிங்க் செய்யும் இடத்தில் சரி போட்டதும் சிலருக்கு ஓர் எச்சரிக்கை வரும். ‘இந்த ஐபேட் ஏற்கெனவே வேறொரு போட்டோ லைப்ரரியோடு சிங்க் செய்யப்பட்டுள்ளது. அதிலிருந்து வந்த படங்களை அழித்துவிட்டு இந்த லைப்ரரியின் படங்களைப் போடவா?’ கேள்வி ஆங்கிலத்தில் இருக்கும். அவசரத்தில் இருப்பவர் முழுவதும் வாசிக்க மாட்டார், பொத்தானை அமுக்கிவிடுவார். கொஞ்ச நேரத்தில் மகளின் பூப்புனித நீராட்டுப் படங்கள் இருந்த இடத்தில் ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் போகும் படங்கள் வந்து நிற்கும்.

எல்லயில் இது நடக்கக்கூடிய இடங்கள் நிறைய. வீட்டின் இரண்டு அறைகளை வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடுபவரிடம் ஒரே கம்பியூட்டரில் இரண்டு லைப்ரரிகள் இருக்கும். ஒன்று குடும்பத்துக்கு. மற்றது தொழிலுக்கு: அறை, காலைச் சாப்பாடு, சின்ன சிவனொளிபாத மலை, 1921இல் கட்டிய தெமோதரைப் பக்கத்துப் பாலம். வருகிறவர்களுக்கு டெப்பில் காட்டுவதற்கு இந்த இரண்டாவது லைப்ரரிதான் வேண்டும். கல்யாணத்துக்கு முந்திய படப்பிடிப்புக்காக எல்லவுக்கு ஆட்களைக் கூட்டி வரும் பண்டாரவளை, பதுளை ஸ்டூடியோக்காரர்களுக்கும் இதே தேவை. பெரும்பாலோர் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமலே வேலையைத் தொடங்குகிறார்கள். மேக் கம்பியூட்டரில் எத்தனை லைப்ரரி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ‘சிஸ்டம் லைப்ரரி’ என்ற பதவி ஒன்றுக்குத்தான். ஐகிளவுடோடு பேசுவதும் அது ஒன்றுதான், போட்டோஸ் செயலி வழியாக டெப்புக்குச் சிங்க் ஆவதும் அது ஒன்றுதான். இரண்டாவது லைப்ரரிக்கு அந்தப் பதவியைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் குடும்பப் படங்கள் இருக்கும் லைப்ரரியின் ஐகிளவுட் தொடர்பு அறுந்துவிடும். வேண்டாம்.

சுற்றுவழி ஒன்று இருக்கிறது, கஷ்டமானதும் இல்லை. ‘ஒப்ஷன்’ விசையை அமுக்கிக்கொண்டே போட்டோஸ் செயலியைத் திறந்தால் எந்த லைப்ரரி என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். தேவையான படங்களைத் தெரிவுசெய்து, ‘எக்ஸ்போர்ட்’ மூலம் சாதாரண ஃபோல்டர் ஒன்றுக்குள் வெளியே எடுங்கள். அதற்குள் பாலம், அறைகள், சாப்பாடு என்று சின்னச் சின்ன ஃபோல்டர்கள் போட்டால் டெப்பில் ஒவ்வொன்றும் ஓர் ஆல்பமாகத் தெரியும். பிறகு ஃபைண்டரில் ஐபேடைத் திறந்து, சிங்க் செய்ய வேண்டிய இடமாக போட்டோஸ் செயலிக்குப் பதிலாக அந்த ஃபோல்டரைக் காட்டுங்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்களும் ஐடியூன்ஸிலோ புதிய ‘ஆப்பிள் டிவைசஸ்’ செயலியிலோ இதே மாதிரி ஃபோல்டரைக் காட்டலாம். ஐபேடில் ஐகிளவுட் போட்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் வயர் வழிச் சிங்க் வேலை செய்யாது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

ஐகிளவுடை விட மனமில்லாதவர்களுக்கு என் சிபாரிசு பென் டிரைவ். 2019இல் வந்த ஐபேட் ஓஎஸ் 13இலிருந்து ‘ஃபைல்ஸ்’ செயலி பென் டிரைவைத் திறக்கும். தொழில் படங்களை ஃபைல்ஸுக்குள் ஒரு ஃபோல்டராகப் போட்டுவிட்டால் குடும்பப் படங்களோடு கலக்காது. விருந்தாளியிடம் டெப்பைக் கொடுத்தாலும் அவர் விரல் பக்கத்துப் படத்துக்குத் தவறிப் போகாது. அண்ட்ராய்டு டெப்பில் இந்தத் தொல்லையே இல்லை. வயரைச் செருகி ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்று கொடுத்து, ‘பிக்சர்ஸ்’ ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டால் முடிந்தது.

இனிதான் ஆபத்தான பகுதி. சிங்க் ஆகி டெப்புக்கு வந்த படத்துக்கு டெப்பில் சொந்த உரிமை எதுவும் கிடையாது. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்: அன்றைய வேலைக்கு முழுப் பேர் விழுந்ததா, அரைப் பேரா என்பதை முடிவுசெய்வது ஒபிசில் இருக்கும் செக்ரோல் என்ற பதிவேடு. நம் கையில் இருக்கும் கொப்பியில் என்ன எழுதி வைத்திருந்தாலும் கணக்கில் ஏறாது. இங்கே செக்ரோல் கம்பியூட்டர். அங்கே ஃபோல்டரிலிருந்து ஒரு படத்தை எடுத்துவிட்டு மறுபடி சிங்க் செய்தால் டெப்பிலும் அது போய்விடும். டெப்பிலிருந்து நீங்களாக அழிக்க முயன்றால் குப்பைக்கூடை அடையாளம் வேலை செய்யாது. இதைவிட மோசமானது, அப்படி வரும் படம் டெப்புக்கு ஏற்றவாறு அளவு குறைக்கப்பட்ட பிரதியாக இருக்கலாம். கம்பியூட்டர் பழுதானால் டெப்பிலிருந்து முழுப் படத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் இருக்காதீர்கள். ஐகிளவுட் பேக்கப்பிலும் இந்தப் படங்கள் சேராது.

கிளவுட் சிங்க் வேறு விதத்தில் ஏமாற்றும். ஐகிளவுட் போட்டோஸில் ஒரு சாதனத்தில் அழித்தால் எல்லாச் சாதனத்திலும் அழியும். மனம் மாறினால் 30 நாளுக்குள் மீட்கலாம். கூகுள் போட்டோஸிலும் இதே கதைதான். கிளவுடில் ஏறிய படம் குப்பைக்கூடையில் 60 நாள் இருக்கும், ஏறாத படம் 30 நாள். இலவசமாகக் கிடைப்பது ஐகிளவுடில் 5 ஜீபி, கூகுளில் 15 ஜீபி. கூகுளின் 15இல் மெயிலும் சேரும். நிரம்பியதும் புதுப் படங்கள் மேலே ஏறாமல் நின்றுவிடும். நிரம்பிவிட்டது என்று வரும் அறிவிப்பை யாரும் பார்ப்பதில்லை.

படம் போனால் போகட்டும் என்று ஊவா மலையில் இருப்பவர்களிடம் சொல்லிவிட முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடத்தைப் பற்றி எச்சரித்திருந்தது. வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிப் போயிருந்தவர்கள் தப்பினார்கள். வீட்டில் இருந்தவை எல்லாம் மண்ணுக்குள் போயின. 2016இல் மக்கல்தெனியவில் 75 வீடுகள் கொடுத்தார்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம், அடையாள அட்டைக்கு ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். செத்துப்போன அம்மாவின் ஒரே ஒரு படத்துக்கு எந்தக் கந்தோரில் விண்ணப்பிப்பது? 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மறுபடியும் மண் சரிந்தது.

அதனால் பழைய ஆல்பங்களையும் சான்றிதழ்களையும் போனில் படமெடுத்து வைக்கச் சொல்லும் ஆசிரியர்களையும் சமூக சேவையாளர்களையும் நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்தப் படங்கள் மலைச்சரிவில் உள்ள அதே வீட்டில், ஒரே டெப்பில் மட்டும் இருந்தால் பயனில்லை. மூலப் படம் ஒரு இடத்தில், பிரதி ஒன்று ஹார்ட் டிஸ்கில் அல்லது பென் டிரைவில், இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டிலோ கிளவுடிலோ இருக்க வேண்டும். ஹட்டனில் கட்டிக்கொடுத்த அக்காவின் அலுமாரியில் ஒரு பென் டிரைவ் கிடந்தால் போதும். வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளிக்குப் போகும்போது, அதை மாற்றிவிட்டு வரலாம்.

சொந்தக் கம்பியூட்டர் இல்லாத வீடுகள்தான் தோட்டங்களில் அதிகம். டெப் இருக்கும்: கட்டாரிலிருந்து மாமா அனுப்பியது, அல்லது கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் பாவித்துவிட்டுக் கொடுத்தது. படம் ஏற்றவும் இறக்கவும் டவுனில் உள்ள கொமியூனிகேஷன் கடைக்குத்தான் போக வேண்டும். கடையில் ஐபேடைச் செருகியதும் ‘இந்தக் கம்பியூட்டரை நம்பவா?’ என்ற கேள்வி டெப்பில் வரும். ‘ட்ரஸ்ட்’ கொடுத்துப் பூட்டு எண்ணையும் அடித்தால் அந்தக் கம்பியூட்டர் உங்கள் படங்களைப் பார்க்கலாம், பேக்கப் எடுக்கலாம். நீங்கள் ஒரு படத்தை அச்சடிக்கப் போயிருப்பீர்கள். அந்தக் கம்பியூட்டருக்குத் திறந்தது முழு வீடும். அச்சடிக்க வேண்டிய படங்களை மட்டும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொண்டுபோவது நல்லது. நம்பிக்கை கொடுத்துவிட்டீர்களா? ‘செட்டிங்ஸ்’ போய், ‘ஜெனரல்’ பகுதியின் அடியில் ‘ரீசெட் லொகேஷன் அண்ட் பிரைவசி’ கொடுத்தால் எல்லாக் கம்பியூட்டருக்கும் கொடுத்த நம்பிக்கை ரத்தாகும். படங்கள் அழியாது.

அடையாள அட்டையை ஸ்கேன் செய்யக் கொடுப்பவர்கள் வேலை முடிந்ததும் அந்தக் கம்பியூட்டரிலிருந்து ஃபைலை அழிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. பிரதியை வைத்து யாராவது சிம் எடுத்துவிட்டார்களோ என்ற சந்தேகம் வந்தால், உங்கள் அட்டையின் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று அறிய உங்கள் போனிலிருந்து #132# அழைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு வழக்கம், பழைய டெப் விற்கும் கடைகளில் நடப்பது. வாங்குபவருக்கு மெயில் கணக்கு இல்லாவிட்டால் கடைப் பையனே ஒன்றைத் திறந்து கொடுத்துவிடுவான். கடவுச்சொல் அவனுக்குத்தான் தெரியும், மீட்பு எண்ணாக அவன் நம்பர்தான் இருக்கும். அன்றிலிருந்து நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு படமும் அவன் திறக்கக்கூடிய கணக்கில் ஏறலாம். அவன் நல்லவனாகவே இருக்கட்டும், சாவி அவனிடம் இருக்கக் கூடாது. செட்டிங்ஸில் ‘அக்கவுண்ட்ஸ்’ பகுதியைத் திறந்து எந்தப் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். உங்களுடையது இல்லை என்றால் முதலில் படங்களை வேறிடத்துக்கு எடுத்து வையுங்கள். பிறகு அந்தக் கணக்கை டெப்பிலிருந்து நீக்கிவிட்டு, உங்கள் நம்பரில் புதிய கணக்கு திறவுங்கள். கணக்கை நீக்காமல் டெப்பை முழுதாக அழித்து ரீசெட் செய்தால் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு டெப் பூட்டிக்கொள்ளலாம். ஐபேடிலும் இதே பூட்டு உண்டு. பழையது வாங்கும்போது முந்தியவரின் கணக்கு வெளியேறிவிட்டதா என்று கடையிலேயே சரிபார்க்க வேண்டும். சிம் போடும் டெப் என்றால் ‘IMEI’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பதினைந்து இலக்க எண்ணைச் சேர்த்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுத்தாலோ சொன்னதற்கு மாறான பொருளைத் தந்தாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைத்து முறைப்பாடு செய்யலாம்.

படங்கள் தவறான கைக்குப் போய்விட்டால் சட்டம் என்ன சொல்கிறது? 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, அனுமதி இல்லாமல் பிறர் கம்பியூட்டருக்குள்ளோ அதில் உள்ள தகவலுக்குள்ளோ நுழைவது குற்றம். ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பாவனைக்குப் பொருந்தாது. தொழிலுக்காக மற்றவர்களின் தகவலை வைத்திருப்பவர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வருவதாக இருந்து தள்ளிப்போடப்பட்டன. ஆகையால் இன்றைக்கு ஒரு பிரச்சினை என்றால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. விடுதிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்கள் உங்கள் இரண்டாவது லைப்ரரியில் கட்டாயம் இருக்கும். விளம்பரத்துக்குப் போடுமுன் அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா?

படத்தை வைத்து யாராவது மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், கோபத்தில் உரையாடலை அழித்தும் விடாதீர்கள். திகதி, நேரம், அனுப்பியவரின் நம்பர் தெரியும்படி ஸ்கிரீன் ஷொட் எடுத்துப் பிரதி எடுத்து வையுங்கள். தொழில்நுட்ப உதவிக்கு ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101. பெண்களுக்கு 1938, பிள்ளைகள் சம்பந்தப்பட்டிருந்தால் 1929. வளர்ந்தவர்களின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க ‘ஸ்டொப் என்சிஐஐ’ என்ற இலவச சேவை இருக்கிறது. அது உங்கள் போனிலேயே படத்துக்கு ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, அந்த எண்ணை மட்டும் ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களுக்குக் கொடுக்கும். படம் உங்கள் கையை விட்டுப் போகாது. பதினெட்டுக்குக் குறைந்தவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்று இன்னொரு சேவை உண்டு.

பொலிசுக்குப் போகும்போது சிங்களம் சரளமாக வராது என்று பலர் தயங்குகிறார்கள். தமிழும் அரச கரும மொழி, உங்கள் முறைப்பாட்டைத் தமிழில் சொல்லவும் எழுதிக் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். டெப்பைச் சான்றாக ஒப்படைக்கச் சொன்னால் அதன் மொடல், தொடர் எண் குறித்த பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் எழுதிக்கொண்ட பிறகே பொலிஸ் நிலையத்தை விட்டு வெளியே வாருங்கள்.