கொட்டகையில் உருவான கார்

ஸ்மிர்னா என்னும் நகரின் பெயரை நம் வாசகர்கள் நன்கு அறிவர். திருவெளிப்பாட்டு நூலில் ஏழு சபைகளுக்கு விடுக்கப்பெற்ற செய்திகளுள் ஒன்று அந்நகரத்துச் சபைக்கு உரியது. வேதசாட்சியாகிய ஆயர் புனித பொலிக்கார்ப்பு தம் உயிரை ஈந்ததும் அங்கேதான். இன்று துருக்கி நாட்டில் இஸ்மிர் என வழங்கும் அத்துறைமுகத்தில், 1906-ஆம் ஆண்டில் கிரேக்க வழிவந்த ஓர் இல்லத்தில் பிறந்த குழந்தையைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். அலெக் இசிகோனிஸ் என்பது அவர் பெயர். பத்தடி நீளமே உள்ள ‘மினி’ என்னும் சிறு காரை உலகிற்கு அளித்தவர் அவர். எனினும் புகழ் வந்து சேர்ந்த பிற்காலத்தைவிட, புகழ் ஏதுமின்றி அவர் உழைத்த இளமைக் காலமே நம் சிந்தனைக்கு உரியது எனக் கருதுகிறேன்.

தந்தையார் கான்ஸ்டன்டைன், கப்பல் எந்திரங்கள் தொடர்பான தொழிற்கூடம் ஒன்றை நடத்தி வந்தார். அன்னையார் ஹுல்டா, ஜெர்மானிய வழியினர். இவர்களுக்கு அலெக் ஒரே மகன். குடும்பம் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றிருந்தது. 1922-இல் கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில் ஸ்மிர்னா நகரம் தீக்கிரையாயிற்று. உடைமை அனைத்தையும் விட்டுவிட்டுப் பிரிட்டிஷ் கப்பலில் ஏறிய அவர்கள், ஒருகாலத்தில் புனித சின்னப்பர் கப்பற்சேதமுற்றுக் கரையேறிய அதே மால்டாத் தீவில் அடைக்கலம் புகுந்தனர். ஏற்கெனவே நலிவுற்றிருந்த தந்தையார் அத்தீவிலேயே காலமானார். செல்வச் செழிப்பில் வளர்ந்த மகனும் கைம்பெண்ணான தாயும் லண்டன் மாநகரில் புதுவாழ்வு தொடங்க வேண்டியவராயினர்.

பொறியியல் கற்க வேண்டும் என்பது இளைஞரின் விருப்பம். பாட்டர்ஸி தொழிற்கல்லூரியில் சேர்ந்தார். வரைபடம் வரைவதில் அவர் கை தேர்ந்தது. கணிதமோ அவருக்குப் பிடிபடவில்லை. ஒருமுறை அல்ல, மும்முறை கணிதத் தேர்வில் தோல்வியுற்றார். தேர்வு முடிவுகள் வெளியாகும் மாதங்களில் நம் இல்லங்கள் பலவற்றில் சூழும் மௌனத்தை அறிந்தவர்கள், அந்தத் தாயின் உள்ளத்தை எளிதில் உணர்வர். ஒரே மகன், துணைவரும் இல்லை, பிறந்த ஊரும் இல்லை. ஆயினும் ஹுல்டா அம்மையார் தம் மகன் பொறியியலுக்கு ஏற்றவன் அல்லன் என்று முடிவு கட்டிவிடவில்லை. கல்லூரி நாள்களிலேயே ஒரு சிங்கர் காரில் மகன் ஓட்ட, தாய் உடனமர, இருவரும் ஐரோப்பிய நாடுகளைச் சுற்றி வந்தனர். வழிநெடுக அந்தக் கார் பழுதுபட்டது. வழிநெடுக அவர் அதைப் பழுது பார்த்தார். வகுப்பறையில் கிட்டாத பாடம் சாலையோரத்தில் கிட்டியது என்றே சொல்லத் தோன்றுகிறது.

1928-இல் லண்டனில் ஒரு சிறு பொறியியல் அலுவலகத்தில் அவருக்கு முதல் வேலை கிடைத்தது. கியர் மாற்றுவதை எளிதாக்கும் கருவி ஒன்றை அந்நிறுவனம் உருவாக்கி வந்தது. அதற்குரிய படங்களை வரைவதும், அதனைக் கார் நிறுவனங்களிடம் எடுத்துச் சென்று விளக்குவதும் அவர் பணி. 1934-இல் காவென்டிரி நகரில் ஹம்பர் நிறுவனத்தின் வரைவுக்கூடத்திற்கும், 1936-இல் ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலியில் இருந்த மாரிஸ் நிறுவனத்திற்கும் சென்றார். சக்கரங்களைத் தாங்கி அதிர்ச்சியை ஏற்கும் அமைப்பே அவருக்கு ஒப்படைக்கப்பட்ட துறை. பெரிய நிறுவனத்தில் இளம் பொறியியலாளரின் நாள் எவ்வாறு கழியும் என்பதை அத்துறையில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் அறிவர். முழுக் காரை ஒருவரும் படைப்பதில்லை. ஒவ்வொருவரும் ஓர் உறுப்பையே வரைகின்றனர். வரைந்ததும் செலவு மிகுதி என்று திரும்பிவிடக் கூடும்.

ஆனால் மாலை வேளைகளும் வார இறுதிகளும் அவருடையவை. ஜார்ஜ் டவுசன் என்னும் நண்பருடன் சேர்ந்து, வீட்டுக் கார் கொட்டகையில் தமக்கெனவே ஒரு பந்தயக் காரைக் கட்டத் தொடங்கினார். ‘லைட்வெயிட் ஸ்பெஷல்’ என்று அதற்குப் பெயர். எடை குறைந்த தனிவகைக் கார் என்று பொருள்படும். எந்திரம் சிறிய ஆஸ்டின் காருடையது. ஏனைய பெரும்பகுதி இவர்கள் கைவேலை. மின்விசையால் இயங்கும் கருவி எதுவும் அவர்களிடம் இல்லை. அரமும், கைவாளும், கையால் சுழற்றும் துளைக்கருவியும் கொண்டே உலோகத்தை அறுத்து, அராவி, பொருத்தினர். நாசரேத்தில் சூசையப்பரின் பணிக்கூடத்தை நினைத்துப் பார்க்கையில் நம் மனக்கண் முன் தோன்றும் பொறுமை, அந்தக் கொட்டகையிலும் இருந்திருக்க வேண்டும். ஏனெனில் அவ்வேலை ஓராண்டில் முடியவில்லை, ஈராண்டிலும் முடியவில்லை, 1938 அளவில்தான் கார் உருப்பெற்றது.

அக்காரின் அமைப்பைச் சிறிது விளக்குவது நலம். அக்காலத்துக் கார்களுக்குக் கனத்த இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். உடற்பகுதி அதன்மேல் வைக்கப்பெறும். இவர்களோ சட்டத்தையே நீக்கிவிட்டனர். ஒட்டுப்பலகையின் இருபுறமும் மெல்லிய அலுமினியத் தகட்டைப் பதித்து, அந்தப் பக்கச் சுவர்களையே காரின் பளுவைத் தாங்கும்படி செய்தனர். சக்கரங்களுக்கு எஃகு ஸ்பிரிங்குகளுக்கு மாறாக ரப்பரைப் பயன்படுத்தினர். அலுவலகத்தில் ஒரு புதுமைக்கு ஒப்புதல் பெறுவதற்குப் பல மேசைகளைக் கடக்க வேண்டும். கொட்டகையிலோ, எண்ணியதை அன்றிரவே செய்து பார்க்கலாம். தவறாயின் மறுநாள் பிரித்தெறியலாம். இரண்டாம் உலகப் போர் ஓய்ந்தபின் இருவரும் மாறி மாறி அக்காரை மலையேற்றப் பந்தயங்களில் ஓட்டினர்.

போரின் நடுவிலேயே, 1940-களின் தொடக்கத்தில், ஒரு சிறு காரை முழுமையாக வடிவமைக்கும் வாய்ப்பினை மாரிஸ் நிறுவனம் அவருக்கு அளித்தது. அதுவே ‘மாரிஸ் மைனர்’. வேலை ஏறத்தாழ நிறைவுற்ற நிலையில் காரின் அகலம் அவர் கண்ணுக்கு நிறைவளிக்கவில்லை. மாதிரிக் காரை நெடுக்கு வாக்கில் இரண்டாக அறுக்கச் செய்து, இரு பாதிகளையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்தார். இடைவெளி நான்கு அங்குலம் ஆனபோது, ‘இதுவே போதும்’ என மனம் ஒப்பினார். முன்னரே செய்து முடித்திருந்த பம்பர்களை என் செய்வது? அவற்றையும் நடுவில் அறுத்து, ஒரு துண்டு வைத்து இணைத்தனர்! முதலில் விற்பனையான மைனர்களில் அந்தத் தையல் வெளிப்படையாகவே தெரியும். நிறுவனத் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கு இக்காரைப் பிடிக்கவே இல்லை. ஆயினும் 1948-இல் லண்டன் கண்காட்சியில் வெளியான மைனர், பத்து இலட்சத்தைக் கடந்து விற்பனையான முதல் பிரிட்டிஷ் கார் என்னும் பெருமையைப் பெற்றது.

நம் நாட்டிற்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இதே மைனர்தான் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்னும் பெயரில் இந்தியாவில் தயாரிக்கப்பெற்றது. அதன் முன்சக்கரங்களைத் தாங்கிய முறுக்குத் தண்டு அமைப்பு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலும் இடம்பெற்று, அதன்வழி வந்த அம்பாசிடருக்கும் சென்றது. 2014 வரை தயாரிக்கப்பெற்ற அந்த அம்பாசிடரில், உறுதிபூசுதல் வழங்க வந்த ஆயர் இறங்கியதை வழிமேல் விழிவைத்து நின்று பார்த்த பங்குகள் நம்மிடையே பல உண்டு.

1956-இல் சூயஸ் கால்வாய் நெருக்கடியால் பிரிட்டனில் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. எரிபொருள் சிக்கனமுள்ள மிகச் சிறிய கார் ஒன்று உடனே வேண்டும் என்று இசிகோனிஸிடம் கேட்கப்பட்டது. எந்திரத்தைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர் பெட்டியை அதன் அடியிலேயே அமைத்தார். சக்கரங்களைப் பத்தங்குலமாகக் குறுக்கினார். இவ்வாறு பத்தடிக் காருக்குள் நால்வர் அமர இடம் கிடைத்தது. அச்சக்கரங்களைத் தாங்கியது எது? ரப்பர்தான்! அலெக்ஸ் மோல்டன் என்னும் பொறியியலாளர் வகுத்தளித்த ரப்பர்க் கூம்புகள் அவை. ஊதியமற்ற மாலைகளில் கொட்டகையில் கைப்பட ஆராய்ந்த பொருள், இருபது ஆண்டுகளுக்குப் பின் 1959 ஆகஸ்ட் 26 அன்று மினியின் அடியில் அமர்ந்து வெளியே வந்தது. 2000 வரை ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மினிகள் உருவாயின.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது முறையாகாது. பிடிவாதக்காரர்; பிறர் கருத்தை எளிதில் ஏற்காதவர். ஓட்டுநர் சொகுசாக அமர்ந்தால் விழிப்புக் குன்றும் என்பது அவர் கொள்கை. அதன் பயனை அந்தக் கார்களில் நெடுந்தொலைவு சென்றோரின் முதுகுகள் அறியும். கணிதத்தின்மேல் கொண்ட கசப்பையும் அவர் இறுதிவரை விடவில்லை. அதனை நம் மாணவர்கள் பின்பற்ற வேண்டியதில்லை. அவர் விரைந்து வரைந்த படங்களை அளவுகளாகவும் எண்களாகவும் மாற்றித் தந்த உதவியாளர்கள் உடனிருந்தனர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஸ்மிர்னாவிலிருந்து தம்மை அழைத்து வந்த தாயுடனேயே வாழ்ந்தார். 1969-இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டதைக் காணும் பேறு ஹுல்டா அம்மையாருக்குக் கிட்டியது. 1971-இல் மகன் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு தாய் மறைந்தார். 1988-இல் பர்மிங்காமில் மகனும் உயிர்நீத்தார். ஓய்வு பெற்றபோது அவருக்கு அளிக்கப்பட்ட பரிசு, சிறுவர்கள் துளையிட்ட தகடுகளையும் திருகாணிகளையும் கொண்டு பொம்மை எந்திரங்கள் கட்டி விளையாடும் மெக்கானோ பெட்டி. அவ்வகையிலேயே மிகப் பெரியது.