இலை ஓரத்துல இருப்பது பனித்துளியே இல்லையா? க்ளோஸ்-அப் எடுக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

மார்கழி காலையில மொட்டை மாடிக்குப் போனா, தக்காளிச் செடியின் இலை ஓரமெல்லாம் முத்து முத்தா தண்ணீர். உடனே போனை எடுத்து ஒரு க்ளிக், 'பனித்துளி'ன்னு ஸ்டேட்டஸ். ஆனா அது பெரும்பாலும் பனியே இல்லைங்க!

அப்போ அது என்ன?

பனி என்பது காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த இலை மேல் படிவது. அது இலை முழுக்கப் பொடிப்பொடியா இருக்கும். விளிம்பில் மட்டும், நரம்பு முடியுற இடங்களில் வரிசையா துளி நின்றால், அது செடியே வெளியேற்றிய நீர். இரவில் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வேர் மட்டும் தண்ணீரை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். அந்த அழுத்தத்தில் விளிம்பிலுள்ள நுண்துளைகள் வழியா நீர் கசியுது. இதற்குப் பெயர் கட்டேஷன், தமிழில் நீர் வடிதல். புல், சேம்பு இலைகளிலும் பார்க்கலாம்.

இது வெறும் தண்ணீர் இல்லை; செடிக்குள் இருக்கும் உப்பு, சர்க்கரையும் கொஞ்சம் கலந்திருக்கும். சில சமயம் விஷமும்தான்! நியோநிகோட்டினாய்டு பூச்சிமருந்து பூசிய மக்காச்சோள விதையில் முளைத்த நாற்றுகளின் துளியைக் குடித்த தேனீக்கள் சில நிமிடங்களில் இறந்ததை, 2009-ல் வெளியான இத்தாலி ஆய்வு ஒன்று காட்டியது. தேனீ துளி குடிக்கும் அழகான போட்டோவுக்குப் பின்னாடி இப்படியும் ஒரு கதை இருக்கலாம்.

துளிக்குள் தலைகீழா பூ தெரிவது எப்படி?

எடிட்டிங் எல்லாம் இல்லை. உருண்டையான துளி ஒரு குவிலென்ஸ் மாதிரி வேலை செய்யுது. பின்னாடி இருக்கும் பூவின் ஒளியை வளைத்து, தலைகீழான குட்டி பிம்பமா காட்டுது. இங்கதான் நிறைய பேர் சொதப்புறாங்க: துளியின் ஓரத்தில் ஃபோகஸ் வைப்பாங்க, பூ மங்கலாயிடும். திரையில் துளிக்குள் தெரியும் பூவைத் தொட்டு ஃபோகஸ் பண்ணணும். அவ்வளவு கிட்டத்தில் தெளிவா பதியும் ஆழமே சில மில்லிமீட்டர்தான். லேசா காற்று அடிச்சாலும், கை ஆடினாலும் போச்சு! அதனால கையை தொட்டி விளிம்பில் ஊன்றிக்கோங்க, நாலைந்து படமா எடுங்க.

போனில் மேக்ரோ மோடு இருந்தா நல்லது (ஐபோன் 13 ப்ரோவில் 2 சென்டிமீட்டர் வரை கிட்ட போகலாம்). இல்லைன்னா க்ளிப் லென்ஸ் போதும். ஃப்ளாஷ் வேண்டாம், துளி மேல் வெள்ளைப் பொட்டு விழும். சில போட்டோகிராஃபர்கள் கிளிசரின் கலந்த நீரைத் தெளித்து எடுப்பதும் உண்டு. சீக்கிரம் காயாது, உருண்டையா நிற்கும்.

நிஜத் துளியே வேணும்னா, முந்தின நாள் மாலை தொட்டிக்கு நல்லா தண்ணீர் ஊற்றிட்டு, வெயில் ஏறும் முன்னாடி போங்க.