பழுதான துணியும் பதிவேடும்
மும்பை நெசவாலைகளில் நடந்த ஒரு நிர்வாகப் பரிசோதனை

ஒரே வகைத் தறி. ஒரே ரக நூல். ஒரே வட்டாரத்துத் தொழிலாளர். ஆயினும் ஓர் ஆலையில் நல்ல துணி மிகுதியாகவும், அடுத்த ஆலையில் பழுதான துணி மிகுதியாகவும் வெளிவருவதுண்டு. இவ்வேற்றுமைக்குக் காரணம் யாது? இயந்திரத்தின் பழமையே என்பார் சிலர். தொழிலாளியின் அசட்டையே என்பார் வேறு சிலர். இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதுவே வேலையை ஒழுங்குபடுத்தி நடத்தும் முறை, அதாவது நிர்வாகம்.

நிர்வாகத்தின் சிறப்பைப் பாராட்டிப் பேசுவது எளிது. அதன் பயனை அளந்து காட்டுவது கடினம். நன்கு நிர்வகிக்கப்படும் ஆலை செழிப்பாக இருக்கக் காண்கிறோம். நிர்வாகத்தால் செழிப்பு வந்ததா, செழிப்பு இருந்தமையால் நல்ல நிர்வாகத்தை வைத்துக்கொள்ள முடிந்ததா என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்குவதில்லை. எருவின் பயனை அறிய விரும்பும் வேளாண் விஞ்ஞானி ஒரு பாத்திக்கு எருவிட்டு, மற்றொரு பாத்தியை விட்டுவைத்து, இரண்டின் விளைச்சலையும் ஒப்பிடுகிறார். ஆலைகளிலும் அவ்வாறு செய்ய இயலுமா? மும்பைக்கு வடக்கே உள்ள நெசவாலைகளில் 2008ஆம் ஆண்டு தொடங்கி அத்தகைய பரிசோதனை ஒன்று நடத்தப்பட்டது.

பழைய பம்பாயின் ஜாபர் முறை

இப்பரிசோதனையின் அருமையை உணர, அந்நகரின் ஆலைத் தொழில் வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். பம்பாயின் முதல் பருத்தி ஆலைக்கான கம்பெனி 1854இல் நிறுவப்பட்டது. பின்னர்ப் பெருகிய ஆலைகளில் தொழிலாளரை வேலைக்கு அமர்த்துதல், மேற்பார்த்தல், விலக்குதல் ஆகிய அனைத்தும் ‘ஜாபர்’ எனப்பட்ட மேஸ்திரிகளின் கையில் இருந்தன. வேலை வேண்டுவோர் ஜாபருக்குக் கையூட்டுக் கொடுப்பதும், அவரிடமே கடன் வாங்குவதும் சாதாரணம். இதனால் திறமையைவிட ஜாபரின் தயவே பெரிதாயிற்று. 1931இல் வெளிவந்த அரசுத் தொழிலாளர் கமிஷனின் அறிக்கை இம்முறையைக் கடிந்துரைத்தது. தற்காலிகத் தொழிலாளரைப் பதிவு செய்து முறைப்படி அமர்த்தும் ‘பத்லி’ கட்டுப்பாட்டுத் திட்டம் 1935இல் பம்பாயில் கொண்டுவரப்பட்டது.

இயந்திர அறிவை வளர்ப்பதில் அந்நகரம் பின்தங்கவில்லை. 1887இல் தோன்றிய விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகம் 1923இல் மாதுங்காவிற்கு இடம் மாறியது. இன்றும் அங்கேயே இயங்கி வருகிறது. இயந்திரத்தை அறிந்தோர் பலர் உருவாயினர். ஆனால் இயந்திரமும் மனிதனும் கூடி உழைக்கும் முறையை ஆராய்வது நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது.

பரிசோதனையின் அமைப்பு

நிக்கலஸ் புளூம், அப்ரஜித் மகாஜன், டேவிட் மெக்கென்சி, ஜான் ராபர்ட்ஸ், பென் ஐஃபர்ட் ஆகிய ஐவர் இந்த ஆராய்ச்சியை மேற்கொண்டனர். மகாராஷ்டிரத்தின் தாராப்பூரிலும், குஜராத் எல்லையை அடுத்த உம்பர்காவிலும் இருந்த 17 நிறுவனங்களின் 28 ஆலைகள் இதற்கு உட்பட்டன. இவையாவும் குடும்பத்தினர்க்கு உரியவை. நூலை விலைக்கு வாங்கித் துணி நெய்பவை. ஒவ்வொரு நிறுவனத்திலும் சராசரியாக 270 பேர் வேலை செய்தனர்.

ஆராய்ச்சிக்குரிய 20 ஆலைகள் குலுக்கல் முறையில் இரு பகுதியாயின. எல்லாவற்றிலும் ஆலோசகர்கள் ஒரு மாத காலம் குறைகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தனர். 14 ஆலைகளில் மட்டும் மேலும் நான்கு மாதங்கள் தங்கி, 38 நிர்வாக முறைகளைக் கைக்கொள்ள உதவினர். எஞ்சிய 6 ஆலைகள் எருவிடாத பாத்திகளைப் போல ஒப்பீட்டிற்கு வைக்கப்பட்டன.

அந்த 38 முறைகளில் விந்தையானவை எவையுமில்லை. பழுதைத் தரவாரியாகக் குறித்தல், இயந்திரம் கெடுமுன்னரே பராமரித்தல், நூல் கையிருப்பைக் கணக்கிடுதல், நன்கு உழைப்போர்க்கு ஊக்கத்தொகை அளித்தல் முதலியனவே அவை. எனினும் தொடக்கத்தில் இவற்றுள் நான்கில் ஒரு பங்கு மட்டுமே வழக்கில் இருந்தது.

கண்ட குறைகள்

பாவிழை அறுதல், ஊடை விடுபடுதல், எண்ணெய்க் கறை படிதல் ஆகியவை நெசவில் நேரும் பழுதுகள். நெய்து முடித்த பின்னரே துணி சோதிக்கப்பட்டது. பழுதுகள் கையால் சரிசெய்யப்பட்டன. ஆலையின் ஆட்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் இந்தத் திருத்த வேலைக்கே செலவாயினர். ஆனால் எத்தகைய பழுது, எந்தத் தறியில், எப்போது நேர்ந்தது என்று முறையாக ஆராய்வார் இல்லை. திருத்தியவுடன் பழுதும் மறக்கப்பட்டது. அதன் காரணம் மட்டும் தறியிலேயே தங்கியிருந்தது.

கிடங்குகளின் நிலையும் இதுவே. நூல் மூட்டைகள் அடையாளச் சீட்டின்றிக் குவிந்து கிடந்தன. சில ஈரத்தில் கெட்டன. இருப்பில் உள்ளது இன்னதென்று தெரியாமையால், உள்ள நூலையே மீண்டும் வாங்குவதும் நேர்ந்தது.

ஆலோசகர்கள் செய்வித்த மாறுதல் எளியது. பழுதுகள் நாள்தோறும் வகைப்படுத்தி எழுதப்பட்டன. ஆலை நிர்வாகியும் மேற்பார்வையாளர்களும் தினமும் கூடி அந்தக் கணக்கைப் பார்த்துக் காரணத்தை ஆராய்ந்தனர். ‘யார் கெடுத்தது?’ என்ற கேள்வி நின்று, ‘ஏன் கெட்டது?’ என்ற கேள்வி தொடங்கியது. தொழிலாளிக்கு இது சிறிய மாறுதலன்று. பதிவேடு இல்லாத ஆலையில் பழி எளியவன் தலையில் விழும்; பதிவேடு உள்ள ஆலையில் தறியின் குற்றமும் நூலின் குற்றமும் வெளிப்பட வழியுண்டு.

விளைவுகள்

உதவி பெற்ற ஆலைகளில் துணியின் பழுதுகள் 43 சதவிகிதம் குறைந்தன. முதலாண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவிகிதம் உயர்ந்தது. கையிருப்பில் முடங்கிய நூலும் குறைந்தது. மூன்றாண்டுகளுக்குள் இந்நிறுவனங்கள் புதிய ஆலைகளையும் திறக்கலாயின.

இவ்வளவு பயன் உள்ளதை உரிமையாளர்கள் முன்னரே ஏன் செய்யவில்லை? சில முறைகளை அவர்கள் கேள்வியுற்றதில்லை. வேறு சிலவற்றை அறிந்திருந்தும், தம் துணி அண்டை ஆலையின் துணியைவிட மோசமில்லை என்ற திருப்தியால் வேண்டாமென விட்டனர். மற்றொரு காரணம் நம்பிக்கையின்மை. களவுக்கு அஞ்சி, குடும்பத்திற்குப் புறம்பானவரிடம் பொறுப்பை ஒப்படைக்க அவர்கள் தயங்கினர். ஆதலின் ஒரு நிறுவனம் எத்தனை ஆலைகளை நடத்தலாம் என்பதை, அதன் நிர்வாகத் திறமையைவிடக் குடும்பத்தில் உள்ள ஆண்மக்களின் எண்ணிக்கையே பெரிதும் முடிவு செய்தது. கணக்கு ஒழுங்கானபோது உரிமையாளர் தொலைவிலிருந்தே ஆலையின் நிலையை அறிய முடிந்தது; நிர்வாகிகளுக்கு அதிகப் பொறுப்பும் கிடைத்தது. பதிவேடு இங்கே நம்பிக்கைக்கு அடிப்படையாயிற்று.

பழக்கம் நிலைக்குமா?

ஆராய்ச்சியாளர்கள் 2017இல் அதே ஆலைகளுக்கு மீண்டும் சென்றனர். புதிதாக மேற்கொண்ட முறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தன. ஆலை நிர்வாகி மாறிய இடங்களிலும், உரிமையாளர்க்கு நேரமில்லாத இடங்களிலும் இது நேர்ந்தது. ஆயினும் உதவி பெறாத ஆலைகளைவிட அவை முன்னணியிலேயே இருந்தன. நல்ல முறைகள் சில, அதே நிறுவனத்தின் பிற ஆலைகளுக்கும் பரவியிருந்தன.

இத்தகைய தேய்வு புதியதன்று. அகமதாபாத்தின் காலிகோ ஆலையில் 1953இல் ஏ. கே. ரைஸ் என்ற ஆராய்ச்சியாளர் 224 தானியங்கித் தறிகள் கொண்ட கூடத்தின் வேலை முறையை ஆராய்ந்தார். பல தனிப் பணிகளாகச் சிதறியிருந்த தொழிலாளர் சிறு குழுக்களாக அமைந்து, தமக்குரிய தறிகளுக்குத் தாமே பொறுப்பேற்றனர். உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. 1970இல் மீண்டும் ஆராய்ந்தபோது, ஓரிடத்தில் குழுமுறை பெரும்பாலும் அவ்வாறே நிலைத்திருந்தது. பிற இடங்களில் தளர்ந்துவிட்டது. இயந்திரத்திற்கு எண்ணெயிடுவதுபோல வேலைமுறைக்கும் இடைவிடாத கவனம் வேண்டும் என்பதை இவ்விரு ஆராய்ச்சிகளும் உணர்த்துகின்றன.

சிறு தொழிலகங்களுக்குப் பயன்

தாராவியின் தோல் தொழிலை வளர்த்ததில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து குடியேறிய தமிழருக்குப் பெரும் பங்குண்டு. தோற்பைகள் தைக்கும் அறைகளும், ஆயத்த ஆடைக் கூடங்களும், பழைய பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்கும் கொட்டகைகளும் அங்கே நிறைந்துள்ளன. பத்துப் பேர் வேலை செய்யும் கூடத்திற்குப் பெரிய ஆலையின் 38 முறைகளும் அப்படியே பொருந்தமாட்டா. விலையுயர்ந்த ஆலோசகரை அமர்த்தவும் இயலாது.

எனினும் ஒரு நோட்டுப் புத்தகம் எவர்க்கும் எட்டுவதே. கெட்டுப்போன பொருள் எத்தனை, எவ்வகைக் குறை, எந்த இயந்திரம் என்று நாள்தோறும் குறிக்கலாம். மூலப்பொருளை இனம் பிரித்துச் சீட்டு ஒட்டி வைக்கலாம். வேலை தொடங்குமுன் கால்மணி நேரம் கூடி, முந்தைய நாளின் குறிப்பைத் தொழிலாளருடன் ஆராயலாம். அந்தக் குறிப்பைத் தண்டிப்பதற்குப் பயன்படுத்தாதிருத்தல் இன்றியமையாதது. குறையைச் சொன்னால் கூலி பிடிக்கப்படும் என்ற அச்சம் உள்ள இடத்தில் உண்மையான கணக்குக் கிடைக்காது. கணக்குப் பொய்யானால் நிர்வாகமும் குருடாகும்.