ஐந்நூறு ரூபாய் வந்தது, யாருடைய அதிரசத்துக்கு?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஏதாவது ஒரு சிறிய பலகாரக் கடையில் நின்று பாருங்கள். கல்லாவின் மேலிருக்கும் சவுண்ட்பாக்ஸ் “ரூபாய் ஐந்நூறு பெறப்பட்டது” என்கிறது. சற்று நேரத்தில் மறுபடியும் ஐந்நூறு, பிறகு இன்னொரு ஐந்நூறு. இரண்டு கிலோ அதிரசத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தது யார், சீர் முறுக்குக்குக் கொடுத்தது யார்? பெட்டிக்குத் தெரியாது. இரவு கணக்குப் பார்க்க உட்காரும்போது கடைக்காரருக்கும் தெரியாது. ரொக்கத்தை வாங்கிக்கொண்டு பெயரெழுதிச் சிட்டை கிழித்துக் கொடுத்த நாளில் இந்தத் தலைவலி இல்லை.

கோளாறு எங்கே என்று பார்க்க, கண்ணாடி அலமாரியில் ஒட்டியிருக்கும் கியூஆர் சதுரத்திலிருந்து தொடங்கலாம். ஜப்பானில் டென்சோ வேவ் நிறுவனத்தின் மசஹிரோ ஹாராவும் அவர் குழுவினரும் 1994இல் கார் உதிரிபாகங்களை அடையாளம் காண உருவாக்கியது அது. தொழிற்சாலை என்றால் அழுக்கும் எண்ணெயும் இருக்கும். அதனால் ஒரு பகுதி அழிந்தாலும் மீதியிலிருந்து முழுத் தகவலையும் மீட்கும் கணக்கை உள்ளேயே வைத்தார்கள். மிக உயர்ந்த பாதுகாப்பு நிலையில் அமைத்த சதுரம் சுமார் 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்க முடியும். நெய்க்கை பட்ட ஸ்டிக்கரும் வேலை செய்வது இதனால்தான்.

சதுரத்துக்குள் இருப்பது ஒரே வரி எழுத்து. அதில் ‘பிஏ’ என்ற குறிக்குப் பின் கடையின் யுபிஐ முகவரி, ‘பிஎன்’ என்பதற்குப் பின் கடையின் பெயர். தொகைக்கு ‘ஏஎம்’, குறிப்புக்கு ‘டிஎன்’ என்று இடங்கள் உண்டு. ஆனால் சுவரில் ஒட்டிய ஸ்டிக்கரில் பொதுவாக அவை இருப்பதில்லை. பணம் எங்கே போக வேண்டும் என்பதை அது சொல்கிறது. எதற்காக என்பதைச் சொல்வதில்லை. உடனே தட்டில் வைத்துத் தரும் வடைக்கு அது போதும். பத்து நாள் கழித்துத் தரும் அதிரசத்துக்குப் போதாது.

வாடிக்கையாளர் ரகசிய எண்ணை அழுத்தியதும் கோரிக்கை, தேசிய கொடுப்பனவுக் கழகம் 2016இல் தொடங்கிய யுபிஐ அமைப்பின் வழியே இரு வங்கிகளுக்கும் போய், சில நொடிகளில் பதில் திரும்புகிறது. சவுண்ட்பாக்ஸ் உங்கள் போனை ஒட்டுக்கேட்பதில்லை. அதற்குள் தனி சிம் இருக்கிறது. பெட்டியைத் தந்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து செய்தி வந்தால்தான் வாய் திறக்கும். போலி ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறவர்களுக்கு அதுதான் எமன்.

ஆர்டர் எண்ணைப் பணத்தோடு ஒட்டுவது எப்படி? வணிகச் செயலிகள் பலவற்றில் தொகையைப் போட்டு, அந்த ஒரு ஆர்டருக்கு மட்டும் புதுச் சதுரம் உண்டாக்கலாம். நல்ல வழிதான், ஆனால் கூட்ட நேரத்தில் யாருக்கு அவகாசம்? எனக்குப் பிடித்தது செலவில்லாத இன்னொரு வழி: ஆர்டர் எண்ணைத் தொகையிலேயே சேர்த்துவிடுவது. 37ஆம் ஆர்டருக்கு அட்வான்ஸ் 537 ரூபாய், 38க்கு 538. கூடுதலாக வந்ததைப் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம். இப்போது “ஐந்நூற்று முப்பத்தேழு” என்று சவுண்ட்பாக்ஸே ஆர்டர் எண்ணைச் சொல்லிவிடும். பெயரை நம்பினால் வேலைக்கு ஆகாது. ஆர்டர் அம்மா பெயரில் இருக்கும், பணம் பெங்களூரில் இருக்கும் மகன் கணக்கிலிருந்து வரும்.

போனில் ஆர்டர் சொல்லி வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறவர்களிடம் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் கேளுங்கள். அது உங்கள் வணிகச் செயலியின் பட்டியலிலோ வங்கிக் கணக்கிலோ இருந்தால்தான் மாவு பிசைய வேண்டும். வாடிக்கையாளர் கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதிச் செய்தி வராவிட்டால் பதற வேண்டாம். கடைகளுக்கான யுபிஐ கட்டணத்தில் ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு உத்தரவு. அந்த வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லுங்கள். “எங்களுக்கு வரலை” என்று கையை விரிப்பதைவிட மரியாதை.

செலவு பெரிதில்லை. வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கமிஷன் கிடையாது. பெட்டிக்கு மாத வாடகை இருக்கலாம், வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முன்பண ஆர்டரைக் குறிவைத்தே ஒரு மோசடி நடக்கிறது. ராணுவ அதிகாரி என்று ஒருவர் போன் செய்வார். முகாமுக்கு ஐம்பது கிலோ இனிப்பு வேண்டும், விலையில் பேரமே இல்லை. அட்வான்ஸ் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் சதுரம் வரும், அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடச் சொல்வார். இன்னொரு வகை, “ஐந்நூறுக்குப் பதில் ஐயாயிரம் போட்டுவிட்டேன், மீதியை அனுப்புங்கள்” என்பது; வந்திருப்பது போலிக் குறுஞ்செய்தி மட்டும். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. ஆர்டர் உண்மையாகவே ரத்தானால், பணம் வந்த பரிவர்த்தனையைத் திறந்து அதிலுள்ள ரீஃபண்ட் வழியாகவே திருப்புங்கள். போனில் சொன்ன வேறு எண்ணுக்கு அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.